நடக்காத ஆண்டுக் கூட்டமும் காலாவதியான பிரசங்க உரிமமும்

அனுப்புநர்:
தே. கண்மணி,
உள்ளூர்ப் பிரசங்கியார் (உரிமம் முடிந்தவர்),
மெதடிஸ்ட் சிற்றாலயம்,
பேத்துப்பாறை, கொடைக்கானல் வட்டம்.

பெறுநர்:
வட்டாரக் கண்காணிப்பாளர் அவர்கள்,
மெதடிஸ்ட் சபை வட்டார அலுவலகம்.

பொருள்: எங்கள் சபையின் ஆண்டுக் கூட்டத்தை நடத்தித் தரக் கோரி நான்காம் முறையாக விண்ணப்பித்தல் தொடர்பாக.

சங்கைக்குரிய ஐயா,

1. வாரநாட்களில் பீன்ஸ் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் நான், பதினோரு ஆண்டுகளாக ஞாயிறு தோறும் எங்கள் சிற்றாலயத்தில் பிரசங்கம் செய்து வந்தேன். ஐந்து ஊர்களுக்குப் பொதுவான போதகர் மாதம் ஒருமுறை வருவார்.

2. சபைச் சட்ட விதிகளின்படி என் உரிமத்தை ஆண்டுதோறும் சபையின் ஆண்டுக் கூட்டமே புதுப்பிக்க வேண்டும். அக்கூட்டத்துக்குத் தாங்களோ, தாங்கள் எழுத்து மூலம் நியமிப்பவரோ தலைமை தாங்க வேண்டும். மூன்று ஆண்டுகளாக எவரும் வரவில்லை. கூட்டம் நடக்காததால் உரிமம் காலாவதியாகிவிட்டது, ஆகவே பிரசங்கிக்கக் கூடாது என்று சென்ற பிப்ரவரியில் தங்கள் அலுவலகக் கடிதம் வந்தது. கீழ்ப்படிந்தேன்.

3. மூன்று மனுக்கள் அனுப்பினேன். சபைச் செயலாளரின் கையொப்பம் இல்லையென்று மூன்றும் திரும்பின. செயலாளர் திரு. ராஜமுருகனின் பதவிக்காலமும் அதே கூட்டம் நடக்காததால் முடிந்துபோனது. அவர் கையொப்பமிட்டால் அது செல்லாது. இடாவிட்டால் மனு செல்லாது.

4. அக்கடிதம் வந்தது முதல், ஞாயிறுகளில் நானும் ஒன்பது பேரும் கூடிப் பாடுவோம், வேதபாடம் வாசிப்போம், பிரசங்க நேரம் முழுவதும் சும்மா உட்கார்ந்திருப்போம். முதல் பெஞ்சில் இருக்கும் வடிவு அம்மாள், "ஏந் தாயி, நாலு வார்த்த சொல்லேன். யாரு போயி அங்க சொல்லப் போறாங்க?" என்பார். நான் அடுத்த பாட்டின் எண்ணைச் சொல்வேன்.

5. கடந்த நவம்பர் 14 அன்று வடிவு அம்மாள் காலமானார். மண்சரிவால் பாதை அடைபட்டுப் போதகர் வர இயலவில்லை. அடக்க ஆராதனை நடத்த உரிமம் உள்ளவர் ஊரில் எவருமில்லை. அவர் மகள் ரோகிணி என் கையில் ஆராதனைப் புத்தகத்தைத் திணித்து, "வாசிங்கக்கா, அம்மா ஒங்களத்தான் கேட்டுச்சு" என்றாள். நான் வாசிக்கவில்லை. கர்த்தரின் ஜெபத்தை மட்டும் எல்லோருமாகச் சொல்லி மண் போட்டோம். அதன்பின் ரோகிணி என்னோடு பேசுவதில்லை, ஆலயத்துக்கும் வருவதில்லை. மீறியிருக்கலாமே என்று மனம் அறுக்கிறது. மீறியிருந்தாலும் அறுத்திருக்கும்.

6. இம்மனுவிலும் செல்லத்தக்க கையொப்பம் இல்லை. திரும்பி வரும் என்று அறிந்தே எழுதுகிறேன். ஒரே ஒரு நாள் வந்து கூட்டத்துக்குத் தலைமை தாங்குமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன். அது இயலாதெனில், சிற்றாலயத்தை மூடும் உத்தரவையாவது எழுத்தில் அனுப்பி, மீதமுள்ள ஏழு பேர் முன் அதை வாசிக்க எனக்கு அனுமதி உண்டா என்பதையும் தெரிவித்தருள வேண்டுகிறேன்.

இடம்: பேத்துப்பாறை
தேதி: 09.12.2024

கர்த்தருக்குள் தங்களுக்குக் கீழ்ப்படிந்துள்ள,
தே. கண்மணி