முள் இறங்கிய மாதம்

மார்ச் 3

என்னங்க,

நான் நலம். நீங்கள் நலமா என்று கேட்டால் பதில் வராது, ஆனாலும் கேட்கிறேன்.

முதல் பிள்ளையை என் ரத்தக் கொதிப்பு கொண்டுபோனதும், "இனிமே இந்தப் பேச்சே வேணாம்" என்றீர்கள். மறுபடி உண்டானேன் என்று சொன்ன வாரமே வெளியூர் ஆலைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள். இப்போது ஐந்தாம் மாதம்.

இங்கே ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகளின் ரத்தக்குழாயை மாதாமாதம் அளக்கிறார்கள். நானும் சேர்ந்திருக்கிறேன். முன்னங்கையில் பட்டையை ஐந்து நிமிடம் இறுக்கிவிட்டுச் சட்டென்று தளர்த்துகிறார்கள். ஸ்கேன் திரையில் குழாய் பார்க்கப் பார்க்க விரிகிறது. உடம்பில் ரத்தத்தின் அளவு கூடிக்கொண்டே போகிறதாம். ரத்த அழுத்தமோ முன்பைவிடக் குறைவு.

வாயாடி

மார்ச் 19

வாயாடிக்கு,

என்னைத் தேற்றப் பொய் எழுதாதே. பதினாறு வருஷமாகப் பாய்லரின் அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்க்கிறவன் நான். உள்ளே கூடினால் முள் ஏறும். இறங்காது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மார்ச் 28

என்னங்க,

நாலு வரியாவது எழுதினீர்களே, அதுவே பெரிது. நீங்கள் எழுதியதை ஸ்கேன் எடுக்கும் அக்காவிடம் அப்படியே சொன்னேன். சிரித்துவிட்டார்.

"உங்க வீட்டுக்காரர் பாக்கிறது இரும்பும்மா. இது உயிருள்ள குழாய். ரத்தம் ஒன்றரை மடங்கு வரைக்கும் ஆகும். அதுக்கு முன்னாடியே குழாய் தளர்ந்து வழி விட ஆரம்பிச்சிடும்."

கர்ப்பப்பையில் நூலாக இருந்த குழாய்கள் பல மடங்கு அகலமாகுமாம். நான் காய் நறுக்கும்போதும் உங்களைத் திட்டும்போதும் உடம்பு முழுக்க இந்த வேலை நடக்கிறது! யார் சொல்லிக் கொடுத்தார்கள்? திரையைப் பார்த்தபடியே அழுதுவிட்டேன்.

"வலிக்குதா?" என்று பதறினார்.

"இல்லக்கா. போன தடவை என் உடம்புதான் துரோகம் பண்ணிடுச்சுன்னு நெனச்சேன்."

அவர் ஸ்கேனுக்காக என் கையில் தடவியிருந்த களிம்பைத் துடைத்துவிட்டு, "இந்தத் தடவை நல்லா இருக்கு. விடாம பாத்துக்கலாம்" என்றார்.

வாயாடி

ஏப்ரல் 6

என் வாயாடிக்கு,

உன் கடிதத்தைப் பாய்லர் அறையில் நின்றபடியே மூன்று முறை படித்தேன். துரோகம் செய்தது உன் உடம்பு இல்லை. போன தடவை நீ தலை வலிக்குது என்றாய். "தூங்கினா சரியாயிடும்" என்று சொன்னவன் நான். முள் ஒரு கோடு ஏறினால் ஓடுகிறவன், உன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. மாற்றல் வாங்கியது அந்த வெட்கத்தில்தான்.

நம் பிள்ளைக்காக உடம்பே வழி விடுகிறது என்கிறாய். நான் மட்டும் விறைத்துக்கொண்டு நின்றேன்.

விடுப்பு கிடைத்துவிட்டது. வியாழக்கிழமை காலை வருகிறேன். அளக்கும் நேரம் பக்கத்தில் உட்கார என்னை விடுவார்களா என்று அந்த அக்காவிடம் கேட்டு வை.

உன்னவன்