தம்பியின் நிதானம்

என் பிரியமானவளுக்கு,

நீயும் பாப்பாவும் சுகம்தானே? உன் இருமல் நின்றதா? நான் நன்றாகவே இருக்கிறேன்.

மழை நாளில் என் தம்பி உன்னை வண்டியில் வேலைக்குக் கொண்டுபோய் விடுவதாக எழுதியிருந்தாய். நல்லதுதான். "உங்களை மாதிரி இல்ல, நிதானமா ஓட்டுறான்" என்ற வரியை மட்டும் எழுதாமல் விட்டிருக்கலாம்.

நேற்று தூறலில் பார்சல் கொடுக்கப் போனபோது அந்த வரியே மண்டைக்குள் ஓடியது. சிக்னலில், ஈரமான வெள்ளைக் கோட்டின் மேல் முன் பிரேக்கை வெடுக்கென்று பிடித்துவிட்டேன். வண்டி சறுக்கிப் படுத்துக்கொண்டது. முழங்காலில் சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. பின்னால் வண்டியில் வந்த, கூட வேலை செய்யும் அண்ணன் ஒருவர்தான் தூக்கிவிட்டார்.

"கோபத்துல ஓட்டினியா?"

"பொறாமையில."

அவர் சிரித்துவிட்டு, ஈரத்தில் இரண்டு பிரேக்கையும் சேர்த்து மெதுவாகப் பிடிக்கச் சொன்னார். தம்பியிடமும் சொல். நீ பின்கம்பியைப் பிடித்துக்கொள். தோளைப் பிடித்தால் அவனுக்கு வண்டியைத் திருப்பச் சிரமம். வேறு காரணம் இல்லை.

என் பழைய ரெயின்கோட்டை அவனுக்குக் கொடுத்துவிடாதே, எனக்கு அனுப்பு. இங்கே கடையில் கிடைக்கும்தான். இருந்தாலும் அனுப்பு.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உன்னவன்