ஜெர்சியில் ஒட்டிய கறுப்பு டேப்

அன்புள்ள பாய்,

இன்று பீரோவைத் திறந்ததும் வார்னிஷ் வாசம் வந்தது. உங்கள் கடையில் மோட்டாருக்குக் கம்பிச் சுருளாகக் காயில் கட்டி முடித்ததும் நீங்கள் ஊற்றுவீர்களே, அதே வார்னிஷ். எவ்வளவு துவைத்தாலும் அது போகாது என்று சொல்லித்தான் உங்கள் வீட்டம்மா உங்களுடைய இந்த நீல கிரிக்கெட் ஜெர்சியை என்னிடம் கொடுத்தார்கள். நெஞ்சில் நீங்கள் கடைசியாக ஒட்டிய கறுப்பு இன்சுலேஷன் டேப் ஓரம் சுருண்டிருந்தது. அதற்கடியிலிருந்து கம்பெனிப் பெயர் எட்டிப் பார்த்தது.

"நாட்டுப் பேரைவிடக் கம்பெனிப் பேரு பெருசா இருக்குதுங்க. காசையும் நாம குடுத்து, நெஞ்சுல போர்டையும் நாமளே மாட்டிக்கோணுமாக்கும்?" என்பீர்கள். மேட்சுக்கு மேட்ச் புது டேப். "கரண்ட் லீக் ஆகுதுங்களா பாய்?" என்று எதிரே பைப் கடை வைத்திருந்த நானும் கிண்டல் செய்திருக்கிறேன்.

மேட்ச் நாளில் உங்கள் கடை டி.வி. உக்கடம் ரோட்டைப் பார்த்துத் திரும்பிவிடும். விளம்பரம் வந்தால் சத்தத்தை அடியோடு குறைத்துவிடுவீர்கள். முடிந்த ஓவரைப் பந்து பந்தாக நீங்களே சொல்லுவீர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்களும் கேட்கும்படி. பல ஆட்டங்கள் மறந்துவிட்டன, பாய். நீங்கள் சொன்ன ஓவர்கள் மறக்கவில்லை.

பிறகு விளம்பரம் பந்துக்கும் பந்துக்கும் நடுவிலேயே வந்து உட்கார்ந்தது. ஆட்டம் டி.வி.யை விட்டு ஆப்புக்குப் போனது. நம் டீக்கடையில் இன்று ஆளுக்கொரு போன். ஒருவர் போனில் விக்கெட் விழுந்து அவர் கத்தி முடித்த பிறகுதான் பக்கத்தில் இருப்பவர் போனில் பவுலர் ஓடி வருகிறார். சேர்ந்து கத்துவதற்கு ஆளில்லை. நம்முடைய ஆசையைப் பொட்டலம் கட்டி நமக்கே விற்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது.

ஆஸ்பத்திரியில் நீங்கள் படுத்திருந்தபோதுதான் கோப்பைக்கான அந்த ஃபைனல். பக்கத்தில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். ஆப்புக்குக் கட்டியிருந்த பழைய பிளான் முடிந்துவிட்டதாம். பணம் கட்டியும் உள்ளே போக ஓ.டி.பி. வரவில்லை, வந்தபோது நேரம் கடந்திருந்தது. எல்லாம் சரியாகிப் படம் வரும்போது முதலில் விளம்பரம். அது முடிந்ததும் பார்த்தால் நம் பையன்கள் கோப்பையோடு நிற்கிறார்கள். உங்களுக்குக் காட்ட முடியவில்லையே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, "சவுண்டக் குறைச்சுப்போட்டு நீங்க சொல்லுங்க, கடைசி ஓவரு" என்றீர்கள்.

நான் பார்க்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் சொன்னேன். பவுலரை ஓட விட்டேன், பந்தை மேலே தூக்கினேன், எல்லையில் ஒருவரைப் பிடிக்க வைத்தேன்.

"கேட்ச் புடிச்சது யாருங்க?"

"நம்ம டீக்கடைக்காரருங்க."

இருமல் வரும் அளவுக்குச் சிரித்தீர்கள். அந்த வாரமே போய்விட்டீர்கள். நாம் சேர்ந்து பார்த்த கடைசி ஆட்டம் அதுதான், பாய்.

இன்றைக்கும் மேட்ச் இருக்கிறது. பழைய டேப்பை உரித்துப் புதிதாக ஒட்டிவிட்டேன். ஜெர்சி எனக்குக் கொஞ்சம் இறுக்கம்தான், இருந்தாலும் போட்டுக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்புகிறேன். விளம்பரம் வந்ததும், "சவுண்டக் குறைங்க கண்ணு" என்பேன். யாராவது நிமிர்ந்தால் முடிந்த ஓவரைச் சொல்லுவேன். யாரும் நிமிராவிட்டாலும் சொல்லுவேன், ஒரு பந்தும் விடாமல், நீங்கள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைத்து.