நடுத்துண்டு

ஜூலை 1, செவ்வாய்

கச்சான் காற்று ஓயவில்லை. வாசலைப் பெருக்கி நிமிர்வதற்குள் மறுபடி மணல்.

முதலில் நல்லதை எழுதுவோம். மூத்த பேரன் ஜோசப் கப்பலில் எஞ்சினியர் ஆகிவிட்டான். தோளில் பட்டை வைத்த வெள்ளைச் சட்டை. பேத்தி ஷைனி, மகன் அருளின் மகள், பாளையங்கோட்டையில் நர்சிங், வகுப்பில் முதல். அவள் தம்பி கிளின்டன் கணக்கில் நூற்றுக்கு நூறு. மகள் வீட்டு அனிதா மேடையில் பேசிக் கப் வாங்கினாள். எல்லாக் கப்பும் என் சாப்பாட்டு மேஜையில்தான். வருகிறவர்களுக்குக் காட்ட வசதி. உட்கார்ந்து சாப்பிடத்தான் இடமில்லை. நான் அஞ்சாங் கிளாஸ். என் வீட்டில் இத்தனை.

கெட்டது: ஞாயிறு பூசையில் மயங்கி விழுந்தேன். காணிக்கை எடுக்கிற நேரம். எல்லாரும் பார்க்க. பக்கத்து வீட்டு மரியாள் சும்மா இருப்பாளா, மகன் அருளுக்குப் போன் போட்டுவிட்டாள்.

இன்று அவன் பேசினான். "எம்மா, வார ஞாயித்துக்கெழம வாரேன். துணிமணிய எடுத்து வையுங்க. ஒத்தையில இருந்தது போதும். மெட்ராஸுக்கு எங்ககூட வந்துருங்க."

சரி, மாட்டேன் என்று நான் சொல்வதற்குள் வைத்துவிட்டான்.

ஜூலை 2, புதன்

ஆஸ்பத்திரி. பிரஷர் குறைவு. சர்க்கரை இல்லை, மாதாவுக்கு நன்றி.

நர்ஸ் பிள்ளை கேட்டாள். "காலையில என்ன சாப்பிட்டிய?"

"கடுங்காப்பி."

"மத்தியானம்?"

"படகு கரைக்கு வந்த பெறவு."

"உங்க வீட்ல யாரு படகுல போறா?"

உள்ளதைச் சொன்னேன். என் வீட்டுக்காரர், அவுக, போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. வீட்டில் கடலுக்குப் போக ஆள் இல்லை. கல்யாணமாகி வந்த அன்று மாமியார் சொன்னது, கடலுக்குப் போனவன் கரை ஏறிச் சாப்பிட்ட பிறகுதான் பெண் தட்டில் கை வைக்க வேண்டும். அப்படியே இருந்துவிட்டேன். இப்போதும் யார் படகோ வருகிறவரை காத்திருக்கிறேன். வந்து சேர்வதற்குள் பசி செத்துவிடும்.

நர்ஸ் பிள்ளை சிரிக்கவில்லை. "இனிமே பசிச்ச ஒடனே சாப்பிடுங்க ஆச்சி" என்றாள். மருந்து என்று பெரிதாக ஒன்றும் இல்லை.

ஜூலை 3, வியாழன்

சின்ன மண்சட்டி ஒன்று வாங்கினேன். மரியாள் மதில் மேல் தலையை நீட்டினாள்.

"என்ன மைனி, சொப்பு வச்சு வெளயாடப் போறியளா?"

"ஒரு மனுசிக்குச் சோறாக்கப் போறேன்."

"யாரு வாரா?"

"வந்து ரொம்ப நாளாச்சு. நான்தான்."

பெரிய சட்டியில் வைத்தால் கை தன்னால் எட்டு பேருக்குப் புளி கரைக்கும். பிறகு தெருவெல்லாம் கொடுத்துவிட்டு எனக்கு ஒட்டின குழம்பு. இன்று அளவாக. சாளைமீன் குழம்பு, கொஞ்சம் அவியல். கப்புகளைப் பரணில் ஏற்றினேன். பேரப்பிள்ளைகள் கோபிக்கக் கூடாது.

நாற்காலியில் உட்கார்ந்தேன். ஜோசப் கொண்டுவந்த பூப்போட்ட தட்டு. விருந்தாளிக்கு என்று எடுத்து வைத்தது. படகு ஒன்றும் வரவில்லை. வாசலைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டேன். திருடித் தின்கிற மாதிரி.

ஜூலை 4, வெள்ளி

முடியவில்லை. கால் கனம். மறுபடி காப்பியோடு சரி. யாராவது தட்டை எடுத்து வந்து முன்னால் வைத்தால் தேவலை என்று இருந்தது. மெட்ராஸ் போய்விடலாமா?

மருமகள் தங்கமான பிள்ளை. "உக்காருங்க அத்தை" என்பாள். எனக்குத்தான் உட்கார வராது. போன முறையும் அங்கே எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, குசினியில் அடுப்போரம் நின்றபடியே தின்றேன். இடம் மாறினால் இந்தப் புத்தி மாறாது. இங்கேதான் பழக வேண்டும்.

சாயங்காலம் ஆறு கடலில் சேருகிற இடம்வரை நடந்தேன். வலை பிரித்துக்கொண்டிருந்தவன் கேட்டான்: "யாரத் தேடுதிய?"

"யாரையும் தேடல லே. சும்மா வந்தேன்."

நம்பவில்லை. எனக்கே புதுசு. தண்ணீர் பழுப்பும் நீலமுமாகக் கலக்காமல் கிடந்தது. இருட்டும் முன் திரும்பினேன். வந்து இட்லி இரண்டு. உட்கார்ந்து.

ஜூலை 5, சனி

தலைக்கு எண்ணெய். வெந்நீர்க் குளியல். மத்தியானம் நாற்காலியில். வாசலை ஒரே தடவைதான் பார்த்தேன்.

துணிமணி எடுத்து வைக்கவில்லை. பயமாகவும் இருக்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

பூசை முடிந்து ஒரு விளைமீன். தலை எப்போதும் அவுகளுக்கு, நடு பிள்ளைகளுக்கு, வால் எனக்கு. இன்று அருள் வழியில் ஷைனியையும் கூட்டிக்கொண்டு வருகிறானே என்று பெரிய சட்டிதான். தலையை மரியாளுக்குக் கொடுத்துவிட்டேன்.

உச்சிவேளை. ஆள் வரவில்லை. பஸ் தாமதம் என்று போன். பசி. நல்ல பசி, முன்னே வந்த மாதிரி.

மரியாள்: "மவன் வருதான், நீங்க தட்டப் போட்டாச்சா!"

"அவன் வந்தா அவனுக்கும் தட்டு இருக்கு."

நடுத்துண்டு வைத்துக்கொண்டேன். பாதியில் அருளும் ஷைனியும் உள்ளே வந்தார்கள். அவன் கையில் என் சேலைகளுக்கென்று ஒரு காலிப் பை. எழுந்திருக்கத் துடித்தது கால். நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"எம்மா, எங்களுக்காவ காத்திருக்கலையா?"

"பசிச்சிட்டு லே."

அவன் அப்படியே நின்றான். நான் உட்கார்ந்து சாப்பிட்டு அவன் பார்த்ததே இல்லை. ஷைனிதான் சிரித்தாள். "ஆச்சி, அசையாதிய" என்று போனில் படம் எடுத்தாள்.

ஷைனிக்கு இன்னொரு நடுத்துண்டு. அருள் தானே சட்டியைத் திறந்து பார்த்தான். "வாலுதான் கெடக்கு."

"வாலும் ருசிதான். இவ்வளவு காலம் நான் தின்னுருக்கேம்லா."

முள்ளை ஒதுக்கி ஒதுக்கி வாலைத் தின்றான். பிறகு, "இப்படித் தெனமும் சாப்பிடுவியளா?"

"முயற்சி பண்ணுதேன்."

"கிறிஸ்துமஸ் வரைக்கும் பாப்போம்" என்றான். காலிப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். முகம் தெளியவில்லை. எனக்கும் அழுகை வந்தது. காட்டவில்லை.

ஜூலை 7, திங்கள்

காற்று. மணல். உடம்பெல்லாம் அலுப்பு. கஞ்சி, துவையல், நாற்காலி.

சுவர் முழுக்கப் படங்கள். ஜோசப் தொப்பியோடு, அனிதா கப்போடு, பிள்ளைகள் கோயிலில் முதல் நன்மை வாங்கினது, கல்யாணம். ஒன்றில்கூட நான் இல்லை. படம் எடுக்கும்போதெல்லாம் குசினியில்.

ஷைனியிடம் மறக்காமல் சொல்ல: நேற்று எடுத்த படத்தைப் போனில் அனுப்பாதே, பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்பு. பெரிதாக. தட்டு தெரிய வேண்டும். முள் தெரிந்தாலும் சரி.