இளஞ்சிவப்பு எப்போது வரும்?

ஜூலை 9
பியூரெட் குழாயில் இருந்த காரம் போதாதென்று பக்கத்து மேடையில் கடுகு வேறு. ஆள் சிறிசு, பேச்சு சுருக்கென்று இருக்கும். வகுப்பே அவளை அப்படித்தான் கூப்பிடும். காரத்தைக் குடுவையில் சொட்டுச் சொட்டாக விட்டு, இளஞ்சிவப்பு வந்ததும் நிறுத்த வேண்டும்; குடுவையையே முறைத்துக்கொண்டிருந்தேன். “டேய், எப்பவோ ரோஸ் ஆயிடுச்சு. தூங்குறியா?” என்றாள்.

எனக்கு அது தண்ணீர் மாதிரிதான் இருந்தது.

ஜூலை 16
கண் மருத்துவர் புள்ளிப் படங்கள் காட்டினார். அதில் எண்கள் இருக்கின்றனவாம். எனக்குப் புள்ளிகள்தான். சிவப்பும் பச்சையும் எனக்குச் சரியாகப் பிரியாது; அம்மா வழியில் வந்தது என்றார்.

பேருந்தில் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். இறங்கியதும், “என்னாலதானேடா?” என்றாள்.

“உன் மூக்கும்தான் எனக்கு வந்திருக்கு. அதுக்கு அழுதியா?”

சிரித்துவிட்டாள். அப்பாடா.

ஜூலை 17
கடுகிடம் மட்டும் சொன்னேன். இனி நிறம் மாறியதும் இருமிக் காட்டுகிறாளாம்!

ஆகஸ்ட் 20
எல்லா அளவும் சரி. வேதியியல் மிஸ் கடுகிடம், “தொண்டைக்கு ஏதாவது மருந்து சாப்பிடும்மா” என்றார்.

செப்டம்பர் 3
இன்று கடுகு இருமவில்லை. விட்டுக்கொண்டே இருந்தேன். குடுவை கன்னாபின்னாவென்று சிவந்துவிட்டதாம். எல்லோரும் சிரித்தார்கள்.

வெளியே வந்து கத்தினேன். “பரீட்சையில யாரு இருமுவா? மிஸ்கிட்ட சொல்லு” என்கிறாள். சொன்னா வேற பாடம் எடுன்னுடுவாங்களே? இதை விட்டா எனக்கு வேற என்ன பிடிக்கும்? துரோகி. இனி பேச்சே இல்ல.

செப்டம்பர் 4
மிஸ் அறை வாசலில் கடுகு நின்றிருந்தாள். “நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?”

நானே சொன்னேன். மிஸ் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “இது இல்லன்னா எனக்கு போர்டே தெரியாது. வேலைய விட்டுட்டேனா?”

அலமாரியிலிருந்து பி.எச். மீட்டரை எடுத்துக் கொடுத்தார். கரைசல் எவ்வளவு அமிலம், எவ்வளவு காரம் என்பதை எண்ணாகவே காட்டும். தேர்வில் பயன்படுத்த அனுமதி வாங்குவது தன் பொறுப்பு என்றார்.

கடுகுக்கு நன்றி சொல்ல வாய் வரவில்லை. இங்கே சொல்லிக்கொள்கிறேன். நூறு முறை.

பிப்ரவரி 11
செய்முறைத் தேர்வு. மீட்டரில் எண் மெதுவாக ஏறி, ஒரு சொட்டில் துள்ளியது. வரைபடத்தில் கோடு சுவர்போல நிமிர்ந்தது. நிறம் மாறும் இடம் அங்கேதான்! நானே கண்டுபிடித்தேன்.

வெளியே கடுகு முகத்தைத் தொங்கப்போட்டு நின்றாள். முதல் முறை ஒரு சொட்டு கூடிவிட்டதாம்.

“மத்த முறையெல்லாம்?”

“ஒத்துப்போச்சு.”

“அப்புறமென்ன? வா, போலாம். நீ இல்லன்னா நான் இன்னிக்கு உள்ளயே போயிருக்க மாட்டேன்.”

திட்டுவாள் என்று நினைத்தேன். மூக்கை உறிஞ்சினாள்.

ஜூன் 20
கல்லூரியில் சேர்ந்துவிட்டு அம்மாவோடு வந்தேன். பக்கத்து வீட்டுக்காரர், “என்ன பாடம்ப்பா?” என்று என்னிடம்தான் கேட்டார்.

அம்மா முந்திக்கொண்டாள்: “கெமிஸ்ட்ரி!”