நாற்பது தாளிலும் ‘கேட்டது’

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும், வயிற்றில் இருக்கும் மூன்றாமவரும் சுகம். போனில் பேசினால் நாம் சண்டையில்தான் முடிப்போம், அதனால் எழுதுகிறேன்.

வயிற்றில் குழந்தையின் இதயத்துடிப்பு குறைந்தால் கத்துமே, நான் செய்த மெஷின், அது அனுமதி அலுவலகத்தில் கடைசி மேஜைக்கு வந்துவிட்டது. உன் வார்டில் நாற்பது பிரசவங்களுக்கு வைத்துப் பார்த்தோம் அல்லவா? அந்தத் தாள்கள்தான் அதிகாரிக்கு ரொம்பப் பிடித்திருக்கின்றன. ‘அலாரம் கேட்டதா?’ என்பதற்கு நேரே நாற்பதிலும் ‘கேட்டது’ என்று உன் கையெழுத்து. தலைமை நர்ஸாக நீ ஒரு உறுதிக் கடிதம் கொடுத்தால் போதுமாம். ஆறு வருஷ உழைப்பு அக்கா. சீக்கிரம் அனுப்பு.

உன் செல்லத் தம்பி


மார்ச் 7

அன்புத் தம்பிக்கு,

உன் மனைவியை மாடிப்படி ஏறவிடாதே.

உறுதிக் கடிதம் எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. படுத்திருப்பவள் புரண்டு, வயிற்றில் கட்டிய மெஷின் பட்டை நகர்ந்தாலும் உன் மெஷின் கத்துகிறது, குழந்தைக்கு ஆபத்து என்றாலும் அதே கத்தல். ஊரையே கூட்டிவிடும். வலியில் கிடப்பவர்கள் பயந்து அழுதார்கள். அதனால் முதல் வாரமே சத்தம் வரும் துளைகள்மேல் இரண்டு அடுக்கு பிளாஸ்டர் ஒட்டிவிட்டேன். ஒட்டியது நான்தான். சிவப்பு விளக்கைப் பார்த்துவிட்டு ‘கேட்டது’ என்று எழுதினோம். எங்களுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றியது.

இன்னும் எங்கள் வார்டில்தானே இருக்கிறது உன் மெஷின், நேற்று மூன்றாம் கட்டிலில் அதன் சிவப்பு விளக்கு எரிந்தது. நாங்கள் எல்லோரும் ஐந்தாம் கட்டிலில். கையுறை எடுக்கத் திரும்பியபோதுதான் பார்த்தேன். எத்தனை நேரமாக எரிந்ததோ! பிறந்த பையன் அழ மூன்று நிமிஷம் ஆனது. பிழைத்துவிட்டான்.

தப்பு என்னுடையது. அலுவலகத்துக்கு நடந்ததை எழுதப்போகிறேன். முதலில் உனக்குச் சொல்கிறேன்.

அக்கா


மார்ச் 10

அக்கா,

‘அன்புள்ள’ போட மனசு வரவில்லை. பிளாஸ்டர் ஒட்டியது நீ, தண்டனை எனக்கா? வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைக்கிறாய். அதைப் பிய்த்துப் போட்டால் மெஷின் சரிதானே? அனுமதி வந்த பிறகு சத்தத்தை மாற்றிக்கொள்கிறேன். அந்தக் குழந்தைதான் பிழைத்துவிட்டதே!

எழுதினாயானால் எனக்கு அக்கா இல்லை. பிரசவத்துக்கு வேறு ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்கிறோம்.


மார்ச் 14

தம்பிக்கு,

இன்று காலை தபாலில் சேர்த்துவிட்டேன். என் வேலை போனாலும் போகட்டும்.

பிய்த்துப் போட்டால் சரியாகாதடா. அது இப்படிக் கத்தினால் எந்த வார்டிலும் ஒருத்தி ஒட்டத்தான் செய்வாள். அவளும் என்னைப்போல நல்லது நினைத்துத்தான் ஒட்டுவாள். பட்டை நகர்ந்தால் ஒரு சத்தம், குழந்தை தவித்தால் வேறு சத்தம் வை.

நீ திட்டியது வலித்தது. ‘பிழைத்துவிட்டதே’ என்று எழுதினாய் பார், அது இன்னும் வலித்தது.

எந்த ஆஸ்பத்திரி என்று நீ சொல்லவேண்டாம். அவளை இடதுபக்கமாகப் படுக்கச் சொல்.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

உன் வார்டு வாசலில் நிற்கிறேன். அவளை உள்ளே அழைத்துப் போய்விட்டார்கள், என்னை விடவில்லை, ஆயாவிடம் இந்தச் சீட்டைக் கொடுத்திருக்கிறேன். அவளுக்குக் காலையிலிருந்து வலி. வேறு ஆஸ்பத்திரிக்குத்தான் கிளம்பினோம். பாதி வழியில் நான்தான் வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

அலுவலகம் என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறது. இரண்டு வாரமாகப் பதில் எழுதாமல் பையில் வைத்துச் சுற்றினேன். இப்போது இந்த வாசலில் நின்று எழுதிவிட்டேன், விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று.

அந்த மெஷினை அவளுக்கு மாட்டாதே. நீ பக்கத்தில் இரு.

உன் தம்பி