ஊர் பார்க்க வந்தவள்

ஜூன் 3, திங்கள். பதுளை

வந்து சேர்ந்தாயிற்று. கொழும்பிலிருந்து பஸ் எடுத்த வளைவுகள் எல்லாம் இன்னும் வயிற்றுக்குள் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

சிவஞானம் அங்கிளுக்கு மொத்தப் பலசரக்கு வியாபாரம். கீழே கடை, மேலே வீடு. நான் ஹோட்டலில் அறை எடுத்திருந்தேன். "நம்ம வீடு இருக்கிறப்ப ஹோட்டலா? நல்லாருக்கே!" என்று அவர் மனைவி பரிமளம் ஆன்ட்டி அதை வேண்டாம் என்று சொல்ல வைத்துவிட்டார். இவர்கள் அப்பாவுக்குப் பழைய பழக்கம், மறுத்துப் பேச முடியவில்லை.

பில் போடும் மெசினைப் பொருத்தி, கடை ஆட்களுக்கும் அங்கிளின் மகன் ரிஷிக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டு வெள்ளிக்கிழமை கிளம்ப வேண்டும். கொம்பனியில் சேர்ந்து நானாகப் பிடித்த முதல் ஓர்டர். சரி, இவர்கள் நம்பரைத் தந்தது அப்பாதான். ஆனாலும் பேசிச் சம்மதிக்க வைத்தது நான். எழுதும்போதே நெஞ்சு கொஞ்சம் நிமிர்கிறது.

ஒரே ஒரு சங்கடம். கடை ஷட்டரை இறக்கிவிட்டால் இந்த வீட்டுக்கு வேறு வாசல் இல்லை.

ஜூன் 4, செவ்வாய்

பகல் சாப்பாடு முடிந்ததும் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். "மெசின் எங்கம்மா ஓடிப்போகுது? துன்ஹிந்த பார்க்காம போனா பதுளைக்கு வந்ததுன்னு சொல்லிக்க முடியுமா?"

வேனில் ஆன்ட்டி, ஹல்துமுல்லையிலிருந்து வந்த அவர் தங்கை விஜயலெட்சுமி, நான். ரிஷி ஓட்டினான். என்னை வலுக்கட்டாயமாக முன் சீட்டில் உட்கார வைத்தார்கள். அருவி அழகுதான், முகமெல்லாம் சாரல். ஆனால் நின்று பார்க்க விட்டால்தானே? இப்படி நில்லு, அப்படி நில்லு என்று ஒரே போட்டோ. நடுவில் விஜயலெட்சுமி ஆன்ட்டி, "என்ன நட்சத்திரம் கண்ணு?" என்றார். அர்ச்சனைக்குக் கேட்கிறார் என்று நினைத்து, பூசம் என்றேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சாப்பாட்டில் என்னை மூச்சுத்திணற அடிக்கிறார்கள். போதும் என்றால் ஆன்ட்டி முகம் வாடிப்போகிறது.

ஜூன் 5, புதன்

இன்று போகொட மரப்பாலம். மெசினில் பருப்பு வகைகளின் பெயர், விலையைக்கூட இன்னும் ஏற்றி முடிக்கவில்லை.

சாயந்தரம், கடைத்தெரு வரை தனியாக நடந்துவிட்டு வருகிறேன் என்றேன். "தனியாவா? ரிஷி கூட வருவான்." வந்தான். ஒரு முறை மட்டும், "மிஸ், பதுளை புடிச்சிருக்கா?" என்று ஏதோ உயிர் போகிற விஷயம் மாதிரி கேட்டான். நல்ல பையன். சொன்னதைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறான். கடை ஆட்களை அதட்டுவதில்லை.

தனியாக ஒரு பத்தடி நடக்க வேண்டும் போல இருக்கிறது. அவ்வளவுதான் கேட்கிறேன்.

ஜூன் 6, வியாழன்

காலையில் லொறியில் சாமான் வந்து இறங்கியதால் ஷட்டர் திறந்திருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு நழுவிவிட்டேன். தனியாக நடப்பதில் இவ்வளவு சுகமா! முதியங்கனை விகாரைக்கு வெள்ளை உடுத்திப் போகிறவர்கள், பசறை, பசறை என்று கூவும் கண்டக்டர், நமுனுகுல மலையில் கலையாத பனி. ஊரை இன்றைக்குத்தான் பார்த்தேன்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஜௌபர் என்பவரின் தேத்தண்ணிக் கடை. பிளேன்டி குடித்துவிட்டுக் காசை நீட்டினால் வாங்க மாட்டேன் என்கிறார்.

"வேணாம் மகள். சிவஞானம் முதலாளிட மருமகள்கிட்ட சல்லி எடுக்க ஏலுமா?"

"நான் மருமக இல்லையே."

"ஆகப்போறதுதானே! கல்யாணம் எப்போ?"

பாண் வாங்க நின்ற ஒரு பெண் என்னை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தார். நட்சத்திரம், முன் சீட், போட்டோ, எல்லாம் விளங்கிவிட்டது. ஊர் பார்க்கக் கூட்டிப்போகிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, ஊரே என்னைப் பார்த்து முடித்துவிட்டது.

தெருவில் நின்றபடியே அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"சும்மா போய் வீட்டப் பார்த்துட்டு வரட்டுமேன்னுதான்..."

"இந்த ஓர்டரும் அதுக்குத்தானா?"

"சாப்பிட்டியாம்மா?" என்றார் அப்பா. அதுவே பதில்.

முதல் ஓர்டராம்! நெஞ்சு நிமிர்ந்துச்சாம்! வெட்கங்கெட்டவளே. அம்மா போனதிலிருந்து அப்பாவும் நானும்தான். எதையும் மறைச்சதில்ல அவர்கிட்ட. அவருக்கு மட்டும் எப்படி மனசு வந்துச்சு?

இன்றைக்கே கிளம்புகிறேன் என்று எங்கள் மனேஜர் பர்ஹானிடம் போனில் சொன்னேன். காரணத்தை எப்படிச் சொல்வது? உடம்புக்கு முடியவில்லை என்றேன். "வேலைய பாதியில விட்டா அவங்கட மத்த ரெண்டு கடை ஓர்டரும் போயிரும் கம்சலா. எப்படியாவது சமாளிங்க."

வேணாம்னு சொன்னா ஓர்டர் போகும். சொல்லாம இருந்தா நானே போயிடுவேன். எங்க போய் முட்டிக்கிறது?

ரிஷியைப் பிடிக்காமலும் இல்லை. அதுதான் இன்னும் எரிகிறது. இனி பிடித்திருக்கிறது என்று சொன்னாலும் அது அப்பா ஜெயித்ததாகத்தான் ஆகும்.

ஜூன் 7, வெள்ளி

இன்று கிளம்ப விடவில்லை. "சொந்தக்காரங்கல்லாம் வந்திருக்காங்க. எல்ல பாலத்தப் பார்த்துட்டு, நாளைக்குக் கிளம்பேன்," என்றார் ஆன்ட்டி.

ஒன்பது வளைவுப் பாலத்தில் வெள்ளைக்காரக் கூட்டம். எல்லாரும் ரயிலுக்குக் காத்திருந்தார்கள். ஆன்ட்டி பையிலிருந்து மல்லிகைச் சரத்தை எடுத்து என் தலையில் வைக்கப் பின்னால் வந்தார். நான் விலகிவிட்டேன்.

"ஆன்ட்டி, நான் மெசின் வேலைக்கு மட்டும்தான் வந்தேன். கல்யாணப் பேச்சு எனக்கு நேத்துதான் தெரியும்."

பூவோடு அந்தக் கை அப்படியே நின்றது.

"ஒங்க அப்பா ஒங்கிட்ட சொல்லலையா?"

"இல்ல."

"நீ கேட்டேன்னாரேம்மா! வீட்டையும் ஊரையும் நேர்ல பார்த்தாத்தான் முடிவு சொல்லுவேன்னு எம்பொண்ணு சொல்றான்னாரு. அதுக்குத்தானே இந்த வேனு, சமையலு எல்லாம். ஒனக்கு எங்கள புடிக்கணுமேன்னு நாலு நாளா எனக்குத் தூக்கமே இல்ல."

கடவுளே. பரீட்சை எழுதிக்கொண்டிருந்தது இவர்களா? போதும் என்று நான் கையை மறித்தபோதெல்லாம் அந்த முகம் வாடியது அதற்கா?

ரிஷி தரையைப் பார்த்துக்கொண்டு, "நீங்க வாறீங்கன்னுதான் மிஸ் நான் முடியே வெட்டினேன்" என்றான். விஜயலெட்சுமி ஆன்ட்டி சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். சிரித்தது அப்படியே அழுகையாகிவிட்டது. ரயில் வந்து போனதை எங்களில் யாருமே பார்க்கவில்லை.

சாயந்தரம் கடையில் சிவஞானம் அங்கிள் ரிஷியைக் கூப்பிட்டார். கல்யாணத்துக்கு நான் சம்மதிக்காததால் ஓர்டர் போயிற்று என்றே நினைத்தேன்.

"மெசின் எப்படிடா?"

"நல்லா இருக்குப்பா. இனி அது இல்லாம ஏலாது."

"அப்ப அது வேற, இது வேற. மத்த ரெண்டு கடைக்கும் போடச் சொல்லு."

என்னிடம், "தப்பா எடுத்துக்காதம்மா" என்றார். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆன்ட்டி அந்தப் பூவை சாமிப் படத்துக்குப் போட்டுவிட்டார்.

ஜூன் 8, சனி. கொழும்பு

அப்பா மீன் குழம்பு வைத்துக் காத்திருந்தார். நான் உட்காரவில்லை.

"அவங்க மொகத்துல இனி எப்படி முழிப்பேன்?" என்றார்.

"நான் முழிச்சுட்டு வந்திருக்கேன்."

"ஒங்கிட்ட கேட்டா வேணாம்னுதானேம்மா சொல்லுவே?"

"ஆமா. அதுக்குத்தான் கேக்கணும்."

குழம்பை இரண்டு பேருமே தொடவில்லை.

ஜூன் 19, புதன்

வீட்டில் அப்பாவோடு பேச்சு இவ்வளவுதான்: கதவு, தண்ணி மோட்டர், உப்பு.

ஜூலை 14, ஞாயிறு

அப்பா கோயிலுக்குப் போய்விட்டு வந்தார். சட்டைப் பையில் ஒரு போட்டோவின் ஓரம் தெரிந்தது. திருநீற்றை என் நெற்றியில் வைத்துவிட்டார்.

"ஒரு எடம் வந்திருக்கும்மா. பார்க்கிறியா, வேணாமா?"

"வேணாம்பா."

இனி ஆரம்பிப்பார் என்று நின்றேன். வயது, ஊர் வாய், அம்மா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள், எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் போனை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போய்விட்டார். அந்தப் பக்கத்தில் யாரோ விடாமல் பேசியிருக்க வேண்டும்.

"இல்லீங்க, மகள்கிட்ட கேட்டுட்டேன். வேணாங்குது," என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். "இல்லீங்க. கேட்டேன். வேணாங்குது."